ஒன்றா, ஏழா

தடைப்பட்டியலில் பற்றரி இருந்தது, சீமெந்து இருந்தது.
பதக்கம் இருந்ததோ தெரியாது. வந்து சேரவில்லை.
அதனால் இறுதியாட்டத்தில் வென்ற கல்லூரிக்குப்
பட்டறைச் செபமாலையர்
ரவைக்கோது வெட்டிப் பதினொரு மோதிரம் கடைந்தார்.
உள்வளையத்தில் ஆளுக்கோர் இலக்கம்.
பெயர் பொறிக்க ஊசி காணாது என்றாராம்.

நான் தோற்ற பக்கம்.
தோற்ற பக்கத்தின் கோலி.
ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருக்க
என் கால்களுக்கிடையால் போன பந்தை
மல்லாவிச் சந்தையில் இன்றைக்கும் இரண்டு பேர்
நடித்துக் காட்டுவார்கள்.

இப்போது அவர்களின் மோதிரங்களைச் சேர்க்கிறேன்.
ஏன் என்று மனைவி கேட்டாள்.
சொல்ல வெளிக்கிட்டு,
சைக்கிளுக்குக் காற்றடித்தேன்.

நாலாம் இலக்கம் நகுலேஸ்.
வீங்கின விரலிலிருந்து ஆசுப்பத்திரியில் அறுத்தெடுத்தது, இரண்டு துண்டு.
ஒட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.
இரண்டுக்கு ஆறாயிரம். மூன்றுக்கு முட்டையிடும் கோழி ஒன்று.
ஆறைப் பழைய இரும்புக் கடைத் தராசில் கண்டேன்,
தண்ணீர்க் குழாய்த் திருகுகளோடு நிறுவையில்.
ஒன்பது ஸ்காபரோவிலிருந்து தபாலில் வந்தது, கடிதத்தோடு:
"முழுக்கச் சேர்ந்தால் சொல்லு, நல்ல விலைக்கு எடுக்கிறன்."
அந்தக் கோலை அடித்தவனும் ஒன்பதுதான்.
பதில் போடவில்லை.

பந்தும் என்னிடம்தான்.
இரண்டு அணியும் கையெழுத்து வைத்த பந்து,
உள்ளே சைக்கிள் ரியூப் ஒட்டுப் போட்ட வயிறு.
இடம்பெயர்வு மழைகளில் பத்தொன்பது பேர் கரைந்துபோனார்கள்.
மிச்சம் மூன்று: ஒன்பது, நான், அமலதாஸ்.
அமலதாஸ் அவர்களின் கோலி.
எல்லோரும் ஒன்பதைத் தோளில் தூக்கி ஓட,
மைதானத்தைக் குறுக்கே நடந்து என்னிடம் வந்து,
"எனக்கும் போயிருக்கும் மச்சான்" என்றவன்.

போன மாதம் சுகிர்தா வந்தாள்.
முகமாலையில் கண்ணிவெடி அகற்றுகிறவள்.
கருவி கூவுகிற இடமெல்லாம் முழந்தாளில் இருந்து
மண்ணைச் சுரண்டிச் சுரண்டி
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம் முன்னேறுவாள்.
"அண்ணை, நீங்கள் தேடுற சாமானோ?"
பித்தளை பச்சை பிடித்துக் கிடந்தது.
உள்ளே ஒரு கோடு. கோட்டின் தலையில் சின்னச் சாய்வு.
செபமாலையரின் ஒன்றுக்கும் அந்தச் சாய்வு உண்டு.
ஏழுக்கும் உண்டு, அதற்குக் கொஞ்சம் நீளம்.
நீளம் இருக்கவேண்டிய இடத்தை மண் தின்றிருந்தது.

ஏழு தவநேசன். கடைசி மாதங்களில் காணாமல் போனவன்.
ஒன்று அமலதாஸ். பிரான்சில் என்று கதை.

அக்கராயனுக்குப் போனேன், தவநேசனின் தாயிடம்.
விலை பேச வந்தவன்போல இருந்தேன்,
ஒரு கை காற்சட்டைப் பைக்குள்.
அவ பால்மா ரின்னைத் திறந்தா.
பஞ்சு. பஞ்சுக்குள் பித்தளை.
முற்றத்து வெயிலில் சரித்துப் பார்த்தேன்.
ஏழு. நீட்டி வெட்டின, சந்தேகமில்லாத ஏழு.
"விக்கிறேல்லைத் தம்பி. வந்த உடனே கேப்பான்."
நான் சிரித்தேன்.
ஆண்டவரே, சந்தோசத்தில் சிரித்தேன்.
இரண்டாவது தேத்தண்ணியும் வாங்கிக் குடித்தேன்.

திரும்பி வருகிற வழியில், மதகடியில்,
கணக்கு மற்றப் பக்கம் புரண்டது.

ஸ்கந்தபுரத்தில் அமலதாஸின் தங்கச்சி
ஜெசிந்தா தையல் கடை வைத்திருக்கிறாள்.
மெசின் சத்தம் றோட்டுக்குக் கேட்டது.
இறங்கி,
கல்லாய் இறுகிக் கிடந்த ரயருக்கு
இன்னும் இன்னும் காற்றடித்தேன்.
உள்ளே மெசின் நின்றது.
"ஆரது?" என்றாள்.